குழந்தையோடு ரயில்தடப் பாதையில் சைக்கிள்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

ரயில் நின்றுபோய், தண்டவாளத்தை அகற்றிவிட்ட பழைய தடத்தில் சைக்கிள் விடுவது சுலபம். தண்டவாளத்தின் மேல் இரும்புச் சக்கரத்துக்குப் பிடிமானம் குறைவு. அதனால் அந்தக் காலத்தில் மலையைக் குடைந்தும் பள்ளத்தில் மண் நிரப்பியும் ஏற்றத்தைத் தணித்து வைத்தார்கள். பெரும்பாலான தடங்களில் நூறு மீட்டருக்கு இரண்டு மீட்டருக்கு மேல் ஏற்றம் இருக்காது. வளைவுகளும் நீண்டு, மெதுவாகத் திரும்பும். காரும் லாரியும் கிடையாது. குழந்தையை ஏற்றிக்கொண்டு போக இதைவிட நல்ல பாதை எனக்குத் தெரிந்து இல்லை.

ஆனால் சிக்கலும் அந்தச் சுலபத்தில்தான் இருக்கிறது. ஊர்ச் சாலையில் சிக்னலுக்கு நிற்போம், குழிக்கு நிற்போம். நிற்கிற ஒவ்வொரு முறையும் தலை தானாகப் பின்னால் திரும்பும். ரயில்தடத்தில் நம்மை நிறுத்த எதுவும் இல்லை. பேசிக்கொண்டே முக்கால் மணி நேரம் மிதித்துவிடலாம். என் மகளுக்கு ஒன்றரை வயதிருக்கும்போது போன முதல் பயணத்தில் 12 கிலோமீட்டர் கழித்துத்தான் டிரெய்லரை, அதாவது சைக்கிளின் பின்னால் மாட்டி இழுக்கும் குழந்தை வண்டியை, திறந்து பார்த்தோம். ஹெல்மெட் மூக்குவரை இறங்கியிருந்தது. சத்தமே போடாமல் அந்த இருட்டுக்குள் உட்கார்ந்திருந்தாள். அன்றிலிருந்து கால் மணிக்கு ஒருமுறை நின்று, இறங்கி, பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறோம். கீழே சொல்லியிருக்கும் அறிகுறிகளில் பாதிக்கு மேல் அப்படி நின்றபோது கண்ணில் பட்டவை.

ஏற்றும் முன் ஒரு கேள்வி

குழந்தை எதன் மீதும் சாயாமல் தானாக நிமிர்ந்து உட்காருகிறதா? ஹெல்மெட்டின் கனத்தையும் சேர்த்துத் தலையைத் தாங்குகிறதா? இல்லையென்றால் கீழே உள்ள எந்தத் தீர்வும் உதவாது. ஒரு வயது நிறையாத குழந்தையைச் சைக்கிளில் ஏற்றக் கூடாது என்பதுதான் அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ் அமைப்பின் அறிவுரை. நியூயார்க் மாநிலத்தில் அது சட்டமே. சில நாடுகளில் டிரெய்லருக்குள் தொங்குதொட்டில் மாட்டிச் சின்னக் குழந்தைகளையும் அழைத்துப் போகிறார்கள். நான் போகமாட்டேன். ரயில்தடம் எங்கும் ஓடிவிடாது. ஒரு வருடம் காத்திருக்கலாம்.

சைக்கிளில் மாட்டும் சீட்டா, டிரெய்லரா என்று கேட்டால் டிரெய்லர் என்பேன். சைக்கிள் சாய்ந்தாலும் டிரெய்லர் நிமிர்ந்தே நிற்கும்படிதான் அதன் இணைப்பு பெரும்பாலும் அமைந்திருக்கும். விழுந்தாலும் குழந்தை விழும் உயரம் குறைவு.

அறிகுறி: தூங்கிய குழந்தையின் தாடை நெஞ்சில் படிந்திருக்கிறது

இதைப் பார்த்தால் உடனே நிறுத்துங்கள். மற்ற எல்லாவற்றையும் அடுத்த நிறுத்தத்தில் பார்த்துக்கொள்ளலாம், இதை முடியாது. சின்னக் குழந்தையின் மூச்சுக்குழாய் மெல்லியது. தலை முன்னால் மடங்கித் தாடை நெஞ்சோடு ஒட்டினால் காற்று போகும் வழி குறுகிவிடும். தூக்கத்தில் இருக்கும் குழந்தைக்குத் தானாகத் தலையை நிமிர்த்தத் தெரியாமல் போகலாம். சத்தமும் வராது.

முதலில் தலையை நிமிர்த்தி மூச்சைக் கவனியுங்கள். முகம் வெளுத்திருந்தாலோ, உதடு நிறம் மாறியிருந்தாலோ, எழுப்பியும் சரியாக விழிக்காவிட்டாலோ பயணம் அங்கேயே முடிந்தது. மருத்துவ உதவியைக் கூப்பிடுங்கள்.

குழந்தை நன்றாக இருந்தால் காரணத்தைத் தேடலாம். பெரும்பாலும் தோள் பெல்ட் தளர்ந்து உடம்பு கீழே சரிந்திருக்கும். கவட்டைப் பெல்ட்டை முதலில் இறுக்கி, இடுப்பைப் பின்னால் தள்ளி உட்காரவைத்து, கடைசியாகத் தோள் பெல்ட்டை இழுங்கள். இந்த வரிசை மாறினால் பத்து நிமிடத்தில் மறுபடி சரியும். சீட்டைச் சாய்க்கும் வசதி இருந்தால் சாய்த்துவிடுங்கள். உடம்புக்கு இரண்டு பக்கமும் சுருட்டிய துண்டு வைத்தால் பக்கவாட்டில் விழாமல் தாங்கும். தலைக்குப் பின்னால் எதையும் வைக்க வேண்டாம், அது தலையை இன்னும் முன்னுக்குத் தள்ளும்.

இத்தனையும் செய்து தலை நிற்கவில்லை என்றால் பாயை விரித்துக் குழந்தையைத் தரையில் மல்லாக்கப் படுக்கவையுங்கள். தூங்கி முடிக்கட்டும். அந்த ஒரு மணி நேரத்தை வீண் என்று நினைக்காதீர்கள். குழந்தையோடு போகும் பயணத்தின் நேரக்கணக்கில் அது ஆரம்பத்திலேயே இருந்திருக்க வேண்டும்.

அறிகுறி: தலை முன்னால் தள்ளியிருக்கிறது, ஆனால் குழந்தை விழித்திருக்கிறது

ஹெல்மெட்டின் பின்பக்கம் சீட்டின் முதுகில் இடிக்கிறது. நல்ல டிரெய்லரில் தலை படும் இடத்தில் ஒரு குழிவு இருக்கும். ஹெல்மெட் அதற்குள் போய்விடும். இல்லாத டிரெய்லரில் தோளிலிருந்து கீழே, முதுகுக்குப் பின்னால் மட்டும் தட்டையாக மடித்த மெல்லிய துணி வைத்துப் பெல்ட்டை மறுபடி இறுக்குங்கள். பின்பக்கம் உருண்டு நீண்டிருக்கும் ஹெல்மெட்டை விட்டுத் தட்டையான ஹெல்மெட் வாங்குவதுதான் நிலையான தீர்வு.

அறிகுறி: ஹெல்மெட் கண்ணை மறைக்கிறது

அளவு பெரிது, அல்லது பின்னால் இருக்கும் திருகு தளர்ந்துவிட்டது. ஹெல்மெட்டின் முன் விளிம்பு புருவத்துக்கு இரண்டு விரல் மேலே சமமாக நிற்க வேண்டும். பக்கப் பட்டைகள் காதுக்குக் கீழே சேர வேண்டும். தாடைப் பட்டைக்கும் தோலுக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளி போதும். குழந்தையின் தலை மாதத்துக்கு மாதம் வளர்வதால் போன பயணத்தின் அளவை நம்ப வேண்டாம்.

பாதையோரம் பழைய ஸ்டேஷன்களில் ஊஞ்சலும் சறுக்குமரமும் இருந்தால் குழந்தை ஓடும். ஓடவிடும் முன் ஹெல்மெட்டைக் கழற்றுங்கள். விளையாட்டுச் சாமான்களின் இடுக்கில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டால் தாடைப் பட்டை கழுத்தை நெரிக்கும். ஐரோப்பாவில் இதற்காகவே ஈ.என். 1080 என்று தனித் தரம் வைத்திருக்கிறார்கள். பலமாக இழுபட்டால் தானே திறந்துகொள்ளும் பச்சைப் பக்கிள் அதில் உண்டு.

அறிகுறி: கிளம்பி இருபது நிமிடத்தில் அழுகை

பசி, ஈரம், தூக்கம் எல்லாம் நீங்களே பார்ப்பீர்கள். அவை சரியாக இருந்தும் அழுதால் இந்த வரிசையில் தேடுங்கள்: பக்கிளுக்கு அடியில் சட்டை மடிந்து தோலைக் கிள்ளுகிறதா? வெயில் பக்கவாட்டிலிருந்து நேராகக் கண்ணில் அடிக்கிறதா? ரயில்தடம் கிலோமீட்டர் கணக்கில் ஒரே திசையில் போகும், வெயில் ஒரே கன்னத்தில் விழுந்துகொண்டே இருக்கும். முன்னால் போகும் சக்கரத்தின் புழுதி வலைக்குள் வருகிறதா? தண்டவாளத்தையும் ஜல்லியையும் அகற்றிய பல தடங்களில் மேலே கல்தூளைப் பரப்பி அழுத்தியிருப்பார்கள். காய்ந்த நாளில் அது மாவு மாதிரி பறக்கும். டிரெய்லர் இழுப்பவர் முன்னால் போகட்டும், மற்றவர்கள் பின்னால் வரட்டும். இழுக்கும் சைக்கிளின் பின் மட்கார்டில் தரையைத் தொடாத அளவுக்கு நீளமான ரப்பர் மடலைத் தொங்கவிட்டால், தெறிக்கும் பொடிக்கல்லில் பெரும்பகுதி அங்கேயே நின்றுவிடும்.

எதுவும் இல்லையென்றால் குலுக்கல்தான் காரணம். கீழே டிரெய்லர் குதிப்பது பற்றிச் சொல்லியிருப்பதைப் பாருங்கள்.

அறிகுறி: கை சில்லென்று இருக்கிறது

குழந்தையின் கையை வைத்து முடிவெடுக்காதீர்கள். கை எப்போதும் கொஞ்சம் குளிர்ந்தே இருக்கும். விரலைப் பின்கழுத்துக்குள் விட்டுப் பாருங்கள். அங்கே சில்லென்றிருந்தால் உண்மையிலேயே குளிர்கிறது. நீங்கள் மிதிப்பதால் உங்கள் உடம்பு சூடாக இருக்கிறது. குழந்தை அசையாமல் காற்றில் உட்கார்ந்திருக்கிறது. உங்களுக்குச் சரியாக இருக்கும் உடைக்கு மேல் குழந்தைக்கு ஓர் அடுக்கு அதிகம் வேண்டும்.

நடுவில் சுரங்கப்பாதை வந்தால் இந்தக் கணக்கு ஒரே நிமிடத்தில் மாறும். கோடைப் பகலிலும் உள்ளே குளிர் உறையும், பல இடங்களில் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டும். அமெரிக்காவின் ஐடஹோ–மான்டானா எல்லையில் ஹியாவாத்தா தடத்தின் செயின்ட் பால் பாஸ் சுரங்கம் சுமார் 2.7 கிலோமீட்டர் நீளம். விளக்கும் ஹெல்மெட்டும் அங்கே கட்டாயம். விஸ்கான்சினில் 1967-இல் திறந்த எல்ராய்–ஸ்பார்ட்டா தடத்தில் மூன்று சுரங்கங்கள். மிக நீளமானது 1.1 கிலோமீட்டருக்கு மேல், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்துதான் கடக்க வேண்டும். நடக்கிற வேகத்தில் கால் மணி நேரம் குழந்தை அந்தக் குளிரில் இருக்கும். போர்வையையும் தொப்பியையும் சுரங்கத்தின் வாயிலில் நின்று போட்டுவிடுங்கள். உள்ளே போய் இருட்டில் துழாவ வேண்டாம். வெளியே வந்ததும் கழற்ற மறக்காதீர்கள்.

இருட்டுக்குப் பயந்து அழுகிற குழந்தைக்கு டிரெய்லருக்குள் ஒரு சின்ன விளக்கை மாட்டுங்கள். தன் கை தனக்குத் தெரிந்தாலே பாதி அழுகை நின்றுவிடும். முதன்முறை போகிறவர்கள் இங்கிலாந்தில் பாத் நகரின் கோம் டவுன் சுரங்கம் மாதிரி உள்ளே விளக்கு போட்ட இடத்தில் தொடங்கலாம். நீளம் ஏறத்தாழ 1.7 கிலோமீட்டர்தான், ஆனால் வழி நெடுக வெளிச்சம் இருக்கும்.

அறிகுறி: முகம் சிவந்து, தலைமுடி நனைந்து, குழந்தை சோர்ந்திருக்கிறது

பிளாஸ்டிக் மூடியை யாரோ இறக்கிவிட்டிருக்கிறார்கள். தூறல் நின்ற பிறகும் அது அப்படியே இருக்கிறது. வெயிலில் அந்த மூடி கண்ணாடி வீடு மாதிரி உள்ளே சூட்டைப் பிடித்துவைக்கும். மேட்டுக்கரையில் போகும் தடத்தில் மரநிழலும் கிடையாது. உடனே நிழலுக்குக் கொண்டுபோய், மேலுடையைக் கழற்றி, ஈரத்துணியால் கழுத்தையும் கையிடுக்கையும் துடைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள். வாந்தியெடுத்தாலோ, தளர்ந்து துவண்டாலோ, எழுப்ப முடியாவிட்டாலோ அது சாதாரணச் சோர்வு இல்லை, உடனே மருத்துவ உதவி வேண்டும்.

வெயில் தடுக்க டிரெய்லரின் மேல் துணியைப் போர்த்துகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். காற்றோட்டம் நின்று, நிழல் இருந்தும் உள்ளே சூடு ஏறும். டிரெய்லரோடு வரும் வலைத்திரை போதும். அல்லது காலையிலேயே போய்விட்டுத் திரும்புங்கள்.

அறிகுறி: சமதரைதான், ஆனால் கால் கனக்கிறது

முதலில் வண்டியைச் சோதியுங்கள். ஒவ்வொரு சக்கரத்தையும் தூக்கிச் சுற்றிவிடுங்கள். பிரேக் உரசுகிறதா? டிரெய்லரின் நிறுத்து பிரேக் பாதி விடுபடாமல் நிற்கிறதா? போர்வையின் நுனி சக்கரத்தில் தேய்கிறதா? டயரில் காற்று குறைந்திருக்கிறதா?

எல்லாம் சரியென்றால் அது சமதரையே இல்லை. நூற்றுக்கு ஒரு மீட்டர் ஏற்றத்தைக் கண் பார்க்காது. இரண்டு பக்கமும் மரமும் பாறை வெட்டும் இருந்தால் துளிகூடத் தெரியாது. ஆனால் அப்படி 20 கிலோமீட்டர் போனால் 200 மீட்டர் ஏறியிருப்பீர்கள், பின்னால் டிரெய்லரும் குழந்தையும் சாமானும் சேர்ந்து முப்பது கிலோவோடு.

திசையை மாற்றினாலே இது தீர்ந்துவிடும். அமெரிக்காவின் கிரேட் அலெகெனி பாசேஜ் சுமார் 240 கிலோமீட்டர். கம்பர்லாந்தில் தொடங்கினால் முதல் 38 கிலோமீட்டருக்குள் ஏறத்தாழ 540 மீட்டர் ஏறி நீர்பிரி முகட்டைத் தொட வேண்டும். முகட்டிலிருந்து மறுபக்கம் பிட்ஸ்பர்க் வரைக்கும் மொத்தத்தில் மெல்லிய இறக்கம். எந்த முனையில் தொடங்குகிறோம், எந்த இடத்தில் ஏறிக்கொள்கிறோம் என்பதை வைத்து ஒரே பாதை இரண்டு வேறு பாதைகளாகிவிடும். கிளம்பும் முன் நீள அகலத்தை மட்டும் பார்க்காமல் உயர வரைபடத்தையும் பாருங்கள். போய்த் திரும்பும் பயணமானால் ஏற்றத்தையும் எதிர்காற்றையும் முதல் பாதியில் வையுங்கள். பொறுமை தீர்ந்த குழந்தையோடு எதிர்காற்றில் திரும்புவது கொடுமை.

அறிகுறி: டிரெய்லர் குதிக்கிறது, குழந்தையின் கன்னம் அதிர்கிறது

நிறையப் பேர் சைக்கிளுக்கு அடிப்பதுபோல் டிரெய்லர் டயரிலும் கல் மாதிரி காற்று அடித்துவிடுகிறார்கள். பத்துக் கிலோ குழந்தைக்கு அது தேவையே இல்லை. டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எல்லையில் குறைந்த அளவுக்குப் பக்கமாக வையுங்கள், இரண்டு சக்கரத்திலும் சமமாக. இந்த ஒன்றிலேயே வித்தியாசம் தெரியும். அடுத்தது அதிர்வைத் தாங்கும் வில் (ஸ்பிரிங்). சில டிரெய்லர்களில் வில் இரண்டு குழந்தைகளின் எடைக்கு ஏற்றபடி விறைப்பாக இருக்கும். எடையைச் சரிசெய்யும் வசதி இருந்தால் குறைந்ததற்கு மாற்றுங்கள். வசதி இல்லையென்றால் தண்ணீர் பாட்டிலையும் சாமானையும் அச்சுக்கு மேலே, தாழ்வாக வையுங்கள். குழந்தையின் மேல் சரியாத மாதிரி கட்டிவிடுங்கள்.

மரப்பலகை போட்ட பழைய பாலங்கள், ஜல்லி மிச்சமிருக்கும் துண்டுகள் வந்தால் நடை வேகத்துக்கு இறங்குங்கள். அங்கே இறங்கித் தள்ளினாலும் குறைவில்லை. குலுங்கியபடி நீண்ட நேரம் போக வேண்டிய தடம் என்றால் அது இந்த வயதுக்கான தடம் இல்லை. தார் போட்ட தடத்தைத் தேடுங்கள். இங்கிலாந்தில் பிரிஸ்டல்–பாத் தடம், அயர்லாந்தில் 2017-இல் திறந்த 46 கிலோமீட்டர் வாட்டர்ஃபோர்ட் தடம் மாதிரியானவை.

அறிகுறி: டிரெய்லர் ஒரு பக்கம் இழுக்கிறது, அல்லது மிதிக்கும்போது முதுகில் தட்டுவதுபோல் இடிக்கிறது

ஒரு பக்கம் இழுத்தால் ஒரு டயரில் காற்று குறைவு, அல்லது ஒரு சக்கரம் தன் இடத்தில் முழுசாகப் பூட்டிக்கொள்ளவில்லை. பட்டனை அழுத்திக் கழற்றும் சக்கரத்தை மாட்டிய பின் வெளியே இழுத்துப் பாருங்கள். வந்துவிட்டால் அது பூட்டவில்லை. இடித்தால் பின் ஆக்சிலில் மாட்டியிருக்கும் கொக்கியில் ஆட்டம் இருக்கிறது. ஆக்சிலை இறுக்குங்கள். கொக்கியைப் பூட்டும் ஊசி நழுவாமல் இருக்கிறதா, பாதுகாப்புப் பட்டை சட்டத்தைச் சுற்றி மாட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். கொக்கி கழன்றால் டிரெய்லரைப் பிடித்துவைப்பது அந்தப் பட்டை ஒன்றுதான்.

அறிகுறி: திருப்பத்தில் ஒரு சக்கரம் தூக்குகிறது

வேகம் அதிகம். பல தயாரிப்பாளர்கள் நேர்பாதையில் மணிக்கு 24–25 கிலோமீட்டர், திருப்பத்தில் 8–10 என்றுதான் எல்லை வைக்கிறார்கள். தடத்தில் எங்கும் கூர்மையான திருப்பமில்லாததால் இது மறந்துவிடும். சாலை குறுக்கே வரும் இடத்தில், வேகம் குறைக்க நட்டிருக்கும் கம்பிகளுக்கு நடுவே வளைந்து போகும்போது உள்பக்கச் சக்கரம் கம்பத்திலோ விளிம்புக்கல்லிலோ ஏறிக் கவிழும். டிரெய்லர் நீங்கள் போன வழியில் வராது, உள்பக்கமாக வெட்டி வரும். இறங்கித் தள்ளுங்கள். வாயில் குறுகலாக இருந்து டிரெய்லர் நுழையவில்லை என்றால் முதலில் குழந்தையை வெளியே எடுத்து ஒருவர் கையில் கொடுங்கள். அதன் பிறகே கொக்கியைக் கழற்றுங்கள். டிரெய்லரின் வெளி அகலத்தை வீட்டிலேயே அளந்து வைத்திருந்தால் தகராறு பாதியாகும்.

அறிகுறி: பின் சீட்டில் குழந்தையை வைத்தால் ஹேண்டில்பார் ஆடுகிறது

எடை உயரத்திலும், பின் அச்சுக்குப் பின்னாலும் போய்விட்டது. சீட்டைப் பிடிக்கும் கிளாம்பை இறுக்குங்கள். சாமானைக் கழற்றி முன்பக்கத்துக்கு மாற்றுங்கள். குழந்தையின் எடையையும் பாருங்கள்: பின் சீட் வழக்கமாக 22 கிலோ வரை, முன் சீட் 15 கிலோ வரை. பின் ஸ்போக் ஒன்று தளர்ந்திருந்தாலும் ஆட்டம் வரும். இன்னொன்று, ஸ்டாண்டை நம்பிக் குழந்தையோடு சைக்கிளை ஒரு நொடியும் தனியாக நிறுத்தாதீர்கள். குழந்தை ஒருமுறை எட்டிப் பார்த்தால் போதும், சைக்கிள் சாயும்.

அறிகுறி: பஞ்சர், பக்கத்தில் யாரும் இல்லை

சைக்கிள் ட்யூப் டிரெய்லருக்குப் பொருந்தாது. டிரெய்லர் சக்கரம் பெரும்பாலும் 16 அல்லது 20 அங்குலம், வால்வும் வேறாக இருக்கலாம். சைக்கிளுக்கு ஒன்று, டிரெய்லருக்கு ஒன்று என இரண்டு ட்யூப், இரண்டு வால்வுக்கும் சேரும் பம்ப், ஒட்டும் சாமான், டயர் நெம்பும் கரண்டி எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். டயரின் உள்பக்கத்தை விரலால் தடவி முள்ளை எடுத்த பிறகே புது ட்யூபைப் போடுங்கள்.

அறிகுறி: குழந்தைக்குப் போதும் என்றாகிவிட்டது, கார் 15 கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது

உட்கார மறுத்து வில்லாக வளைகிற குழந்தையைப் பெல்ட்டுக்குள் திணிக்காதீர்கள். அரை மணி இறக்கிவிட்டு நடக்கவிடுங்கள். காரில்லாத பாதையில் அது முடியும். நீங்கள் இருவராக வந்திருந்தால் ஒருவர் டிரெய்லரைக் கழற்றிவிட்டுத் தனியாக மிதித்துப் போய்க் காரை அருகிலுள்ள சாலைக் கடப்புக்குக் கொண்டுவரட்டும். சுமையில்லாமல் 15 கிலோமீட்டர் ஒரு மணி நேரத்துக்குள் முடியும். இதற்காகவே வரைபடத்தில் கார் வரக்கூடிய எல்லாக் கடப்புகளையும் முன்கூட்டியே குறித்துவைக்கிறேன். மற்றவர் பாயை விரித்து, மிச்சமிருக்கும் பழத்தைக் கொடுத்து, குழந்தையோடு அந்த நிழலிலேயே இருக்கட்டும்.